மார்கழியில் ஓடிய ஐந்நூறு மைல்

புது வண்டி டெலிவரி கொடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கும் என் இளைய தோழர்களே, போன மாதம் பெங்களூர் பீன்யாவில் உங்கள் சர்வீஸ் சென்டரைச் சுற்றிக் காட்டினீர்கள். காப்பி நன்றாக இருந்தது. தரை என் வீட்டுச் சமையலறையைவிடச் சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "உங்க காலத்துல டெலிவரின்னா என்ன சார் பெரிய வேலை? சாவியக் குடுத்து ஒரு போட்டோ எடுக்கறதுதானே?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். கேள்வி மட்டும் வீடு வரை கூடவே வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வால்வு இடைவெளி எவ்வளவு, பிளக் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ஒரு மனிதரின் பிழைப்பு என் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதைப் பற்றிப் பேசாமல் என்னால் எதையும் பேச முடியாது. என் மனைவி இதை முப்பது வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் நான் கண்டோன்மெண்டில் ஒரு கார் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அப்போது எங்களிடம் வந்தவையெல்லாம் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள். ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாது. துரை, துரைசானி, ஒரு நாய் என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த குடும்பம். பிறகு சின்னச் சின்ன வண்டிகள் வந்தன. அவற்றில் நம் ஆட்கள் ஏறியபோது கதவை வெளியிலிருந்து நான்தான் தள்ளிச் சாத்துவேன். உள்ளே இருப்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் பூட்டு விழும். ஐம்பதுகளின் நடுவில் லேண்ட்மாஸ்டர் வந்தது. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதன் பின்னால் வந்தது அம்பாசிடர். முதல் வண்டி எங்கள் முற்றத்தில் இறங்கிய அன்று ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. இங்கிலாந்தில் வரைந்த உடம்பு, கல்கத்தா பக்கத்தில் பூட்டி முடித்தது. முன் சீட் ஒரே நீளப் பலகை. கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நடுவில் ஒருவர் காலை நீட்டி உட்காரலாம். பின்னால் நான்கு பேர், மடியில் இரண்டு குழந்தைகள். டிக்கியில் கல்யாணப் பாத்திரம் போகும். மறு வருஷமே தெம்பான மேல்வால்வு இஞ்சினும் வந்துவிட்டது. குழியில் விழுந்தால் முனகாது. பெட்ரோல் டேங்க் கசிந்தால் துணி துவைக்கும் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டு மைசூர் வரை போகலாம். எந்த ஊர் ஆலமரத்தடியிலும் அதைப் பிரித்துப் பூட்ட ஓர் ஆள் இருந்தான். என் கைக்குள் ஆயிரம் வண்டிகள் வந்து போயிருக்கும், நம் ஜனங்களின் குடும்பம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொண்ட முதல் வண்டி அதுதான். நான் அதை இன்றும் காதலிக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஆனால் குடும்பத்துக்குச் சாமி உண்டு. பெங்களூரில் புது வண்டி வாங்கினால் முதல் பயணம் திருப்பதிக்குத்தான். அந்தக் கால இஞ்சினுக்கோ வேறு சாஸ்திரம். முதல் ஐந்நூறு மைலுக்கு முப்பது மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது, பாரம் ஏற்றக்கூடாது, மேடு ஏறி வாட்டக்கூடாது. உள்ளே ஒன்றோடொன்று உரசும் இரும்புகள் பழகி வழவழப்பாக அவ்வளவு தூரம் வேண்டும். ரன்னிங் இன் என்பார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கொடுத்துவைத்தவர்கள். எங்கள் வாடிக்கையாளர்களோ மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு, அதே மூச்சில் திருமலை ஏறினார்கள்.

நான் சேர்ந்த மூன்று நான்கு வருஷத்தில் அப்படிப் போன ஒரு வெளிநாட்டுச் சின்ன வண்டி மலைப்பாதையில் இறுகி நின்றுவிட்டது. நாங்கள் லாரி வைத்துக் கட்டி இழுத்து வந்தோம். அந்த வீட்டில் அப்போதுதான் கல்யாணமாகி ஒரு பெண் வந்திருந்தாள். "இவ கால் வெச்ச நேரம், சாமியே வேண்டாம்னுடுத்து" என்று மாமியார் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்று சொன்னார். பழக்கப்படாத பிஸ்டன் செய்த தப்புக்கு அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். நான் கையில் அந்தப் பிஸ்டனையே வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றேன். எனக்கு அந்த வயசில் வாய் திறப்பது என்பது கஷ்டமான காரியமாகவே இருந்திருக்கிறது என்பதை இப்போது எழுதும்போது பார்க்கிறேன்.

டெலிவரிப் பகுதிக்கு நானே பொறுப்பாளி ஆனதும் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாமே ஐந்நூறு மைல் ஓட்டிப் பழக்கிவிட்டுக் கொடுத்தால் என்ன? சொன்னால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சாமிக்கு முன்னால் வேறு யாரோ ஏறிய வண்டியா என்பார்கள். மீட்டரில் சைபர் இருக்கவேண்டும் அவர்களுக்கு. ஆகவே நான் மீட்டர் கேபிளைக் கழற்றினேன். வண்டி ஓடும், மீட்டர் ஓடாது, வேகம் காட்டும் முள்ளும் அசையாது. ஐந்நூறு மைல் ஆனதும் ஆயில் மாற்றி, கழுவித் துடைத்து, கேபிளைப் பூட்டிவிடுவோம். மேனேஜருக்குக்கூடத் தெரியாது. காம்பவுண்டுக்குள்ளேயே டிரயல் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். மூன்று வண்டிகள் அப்படிப் போயின. மூன்றும் ஒன்பது பேரோடு மலை ஏறி இறங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டியவர் முனுசாமி அண்ணன். அடுகோடிக்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். மற்றவர்கள் முன்னால் என்னைச் சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி. நான்கு பெண் குழந்தைகள். அந்த ஒர்க்‌ஷாப் வேலைதான் வீட்டு அடுப்பு.

நான்காவது வண்டி ஒரு டாக்டரம்மாவுக்கு. பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. பல தலைமுறைக்கு முன் பெங்களூர் வந்து சமஸ்தான உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். அப்பா பொதுப்பணித் துறையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டரம்மா பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவர் முறை வந்து வண்டி ரயிலில் வந்து இறங்கியபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யார் புது வண்டி எடுப்பார்கள்? "தை பொறக்கட்டும், மாட்டுப் பொங்கல் முடிஞ்ச மறுநாள் எடுத்துக்கறோம். அன்னிக்கே திருப்பதிக்குக் கிளம்பறோம்" என்று சொல்லியனுப்பினார். எனக்கு அல்வாத் துண்டு மாதிரி ஒரு மாதம் கிடைத்தது.

முனுசாமி அண்ணனிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மார்கழி மாசம் தம்பி. விடியக்காலம் எங்க தெருவுல பஜனை. பத்து வருசமா நான்தான் முன்னால பாடறேன். இப்பப் போய் வண்டி ஓட்டுன்னா?"

"பத்து நாள்தான்ணே. பொங்கல் வரைக்கும் நடுநடுவுல."

"சரி, வண்டிக்குள்ளயே பாடிக்கறேன், போ" என்றார்.

விடிவதற்கு முன்னால், ஐந்து மணிக்கே, பதிவாகாத வண்டிக்கு மாட்டும் டிரேட் பிளேட்டோடு கிளம்புவார். அடுகோடி வழியாக ஓசூர் ரோட்டைப் பிடித்து, ஓசூர் வரை போய்த் திரும்பினால் ஐம்பது மைல். பத்து நாளில் ஐந்நூறு. ஏழு மணிக்குள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். மார்கழிப் பனியில் காது நுனி சிவந்து, மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டே இறங்குவார். "வெண்ணெய் மாதிரி போவுது தம்பி" என்பார். கடைசி ஓட்டம் மாட்டுப் பொங்கல் அன்று காலை. அன்றே வண்டியைக் கழுவி மெழுகு தேய்த்து நிறுத்தினோம். கருப்பு வண்டி. குனிந்து தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது.

கழுவிய பிறகு பள்ளத்தில் இறங்கி வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டியது என் வேலை. பண்டிகைக்கு வாங்கிய புதுப் பேன்ட் போட்டிருந்தேன். இறங்கவில்லை. சுற்றி ஒரு தடவை நடந்து வந்து சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரம்மா அப்பாவோடு வந்தார். வீட்டில் மற்றவர்கள் கட்டுச்சாதம் கட்டித் தயாராக இருக்கிறார்கள், இங்கிருந்து போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேரே கிளம்பவேண்டியதுதான் என்றார். மேனேஜர் தானே வெளியே வந்து வரவேற்றார். மேனேஜர் கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம் முந்திக்கொள்ளும். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆயிற்று. டாக்டரம்மா சாவியைக் கையில் வாங்கிவிட்டார்.

பெரியவர் மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். காண்ட்ராக்டர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய மனிதர் எதையும் மேலே பார்க்க மாட்டார், அடியில்தான் பார்ப்பார். பின்பக்கம் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கைத்தடியின் வளைந்த பக்கத்தை வண்டிக்கு அடியில் விட்டு எதையோ கொக்கி போட்டு இழுத்தார். ஒரு கை நிறைய வைக்கோல் மாதிரித் தாள் வந்தது.

அது என்ன என்று அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தை மாதம் அந்தப் பக்கத்து விவசாயிகள் அறுத்த ராகியை நடுரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்கும். களத்துக்குக் களமும் ஆச்சு, மாட்டுக்கு ஓய்வும் ஆச்சு. மேலே ஏறிப் போகிற வண்டியின் பின் அச்சில் தாள் சுற்றிக்கொள்ளும். பள்ளத்தில் இறங்கியிருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடுங்கி எறிந்திருப்பேன்.

பெரியவர் அதை மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார். "ராகி ஹுல்லு. நன்னா காயக்கூட இல்லை. உங்க கம்பெனி கல்கத்தாலேந்து வண்டி அனுப்பித்து. கல்கத்தால ராகி வெளையறதோ?"

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. "ஏனு இது?" என்று என் பக்கம் திரும்பினார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தீர்மானித்துவிட்டார். "முனுசாமியக் கூப்பிடு!"

முனுசாமி அண்ணன் கை துடைத்துக்கொண்டே வந்தார். மேனேஜர் தாளைக் காட்டினார்.

"யாரக் கேட்டு இந்த வண்டிய வெளிய எடுத்தே? மாட்டுப் பொங்கலுக்கு ஓசூர்ச் சந்தைக்கு ஆள் ஏத்திட்டுப் போனியா?"

அண்ணன் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார் ஓட்டனேன். ஆள் ஏத்தல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என் பெயர் அவர் வாயில் வரவில்லை.

"வாடிக்கையாளர் வண்டியத் திருட்டுத்தனமா ஓட்டற ஆள் எனக்கு வேண்டாம். கம்பெனிக் கோட்டைக் கழட்டி வெச்சிட்டு ஹோகு. பெங்களூர்ல எந்தக் காரேஜும் உன்ன உள்ள விடாம நான் பாத்துக்கறேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. அன்றைய பெங்களூரில் பெரிய கார் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேனேஜர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். வாடிக்கையாளர் வண்டியில் கை வைத்தவன் என்று பெயர் விழுந்துவிட்டால் அண்ணனுக்கு ஸ்பானர் பிடிக்கக்கூட இடம் கிடைக்காது. இது அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ஏன் பேசவில்லை? வேறு யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அடுத்த மாதம் என்னைச் சர்வீஸ் பகுதி முழுவதற்கும் பொறுப்பாளியாகப் போடப்போவதாக மேனேஜர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். வீட்டிலும் சொல்லியாயிற்று. ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லலாம், வாடிக்கையாளர் போனபிறகு தனியாகச் சொல்லலாம், கோபம் தணியட்டும் என்றெல்லாம் மனசு வக்கீல் வேலை பார்த்தது. அண்ணன் காக்கிக் கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. கோட்டைத் தோளிலிருந்து இறக்கி, மடித்து, மேனேஜர் பக்கம் நீட்டப் போனார்.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சார், அவர் மேல தப்பில்ல. நான்தான் ஓட்டச் சொன்னேன். மீட்டர் கேபிளக் கழட்டினதும் நான்தான். இதுக்கு முன்ன மூணு வண்டிக்கும் செஞ்சிருக்கேன்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மலைப்பாதையில் இறுகிய வண்டி, அந்த மருமகள், பத்து நாள், முப்பதைத் தாண்டாத வேகத்தில் ஐந்நூறு மைல். மேனேஜர் கன்னடத்தில் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் அச்சிட மாட்டார்கள்.

பெரியவர் அவரைக் கையமர்த்தினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனுசாமி அண்ணனிடம் போனார்.

"நீ முப்பது மைலுக்கு மேல போகலேங்கறான் இவன். மீட்டரே ஓடலே. அப்புறம் எப்படித் தெரிஞ்சுது நோக்கு?"

"பாட்டு சார்."

"பாட்டா?"

"பஜனைப் பாட்டு. எங்க கோஷ்டில தாளம் மாறாது சார். ஒரு பாட்டு முழுசாப் பாடினா ரெண்டு நிமிசம். ஒரு மைல்கல்லுல ஆரம்பிச்சா அடுத்த கல்லுகிட்ட முடியணும். முடியறதுக்கு முன்னாடி கல்லு வந்துட்டா வண்டி வேகமாப் போவுதுன்னு அர்த்தம். கால எடுத்துடுவேன்."

பெரியவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு மைல், மணிக்கு முப்பது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"எல்லாக் கல்லுக்கும் சரியா வந்துதா?"

"வந்துது சார்." அண்ணன் தயங்கினார். "ஒரே ஒரு எடத்துல மட்டும் வராது. பொம்மனஹள்ளி தாண்டி ஒரு சின்னப் பாலம் வரும் பாருங்க, அந்தக் கல்லு. தினம் பாட்டு முடியறதுக்குள்ள வந்து நிக்கும். அதுக்கு அடுத்த கல்லு, பாட்டு முடிஞ்சும் வராது. ரெண்டு அடி திரும்பிப் பாடணும். மொதல்ல என் கால்ல கோளாறுன்னு நெனச்சேன். பத்து நாளும் அப்டித்தான். யாரோ கல்லத் தப்பா நட்டுட்டாங்க சார்."

பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் நட்டேன்பா. பாலம் கட்டறச்சே கல்லு குறுக்க இருந்துது. கொஞ்சம் இந்தண்டை நட்டு வைங்கோ, அப்புறம் மாத்திக்கலாம்னேன். அப்புறம் யார் மாத்தினா? எத்தனை சர்வே வந்துது, எத்தனை பேர் மேற்பார்வை பண்ணினா! ஒருத்தன் கண்டுபிடிக்கலே." மகளிடம் திரும்பினார். "இவன் பொய் சொல்லலேம்மா. இந்த வண்டிய இவனைவிட ஒழுங்கா ஓட்டறவன் இந்த ஊர்லயே கிடையாது."

சாவி இன்னும் டாக்டரம்மா கையில்தான் இருந்தது. என்னிடம் வந்தார். அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க பண்ணின காரியம் நல்ல காரியம். நான் ஒத்துக்கறேன். ஆனா நான் ஒருத்தர் உடம்புல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அவங்களக் கேக்கறேன். நீங்க என் வண்டிக்கு ஆபரேஷன் பண்ணிட்டுத் தையல மறைச்சிட்டீங்க. ஏன், சொன்னா எனக்குப் புரியாதா?"



"சாமிக்கு முன்னாடி வேற யாரோ..." என்று மேனேஜர் மெல்ல ஆரம்பித்தார், அவருக்கு வியாபாரம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற கவலை.

"ஐந்நூறு மைலும் பஜனைல வந்திருக்கு. இதுக்கு மேல என்ன சார் வேணும்? அந்தக் கோட்டை அவர் திரும்பப் போட்டுக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. "எனக்கு ரெண்டு விஷயம் வேணும். வண்டிப் புத்தகத்துல ஐந்நூறு மைல் ஓட்டினதா எழுதி, ஓட்டின இவரே கையெழுத்துப் போடணும். இன்னொண்ணு, மலைல எனக்கு ஓட்டிப் பழக்கமில்லை. இவருக்கு மூணு நாள் லீவு குடுங்க, எங்ககூட வரட்டும். சம்மதமான்னு அவரையும் கேளுங்க."

கேட்டார்கள். முனுசாமி அண்ணனுக்குச் சம்மதம். கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முன் சீட்டில் ஏறி, சாவியை வாங்கி, எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை எடுத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் பொறுப்பு எனக்கு வரவில்லை. வேறு ஒருவருக்குப் போயிற்று, எனக்குக் கிடைக்க இன்னும் நாலைந்து வருஷம் ஆயிற்று. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் டெலிவரிக்கு முன்னால் எல்லோரையும் கேட்டோம்: நாங்கள் ஓட்டிப் பழக்கட்டுமா, அல்லது நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா? நான் பயந்த மாதிரி இல்லை. முக்கால்வாசிப் பேர் ஓட்டித்தாருங்கள் என்றார்கள். பஜனைக்காரரே ஓட்டட்டும் என்று சிலர் கேட்டு வாங்கினார்கள். வேண்டாம், சாமிதான் முதல் என்றவர்களிடம், அப்படியானால் மலையில் பாதிப் பேர் பஸ்ஸில் போங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர்களும் கேட்டார்கள். ஜனங்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

டாக்டரம்மாவின் அம்பாசிடரை அறுபதுகள் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ வலியோடு எத்தனை பெண்களை அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. அந்த ஊரில் பலர் பிறப்பதற்கு முன்னால் கடைசியாகப் பயணம் செய்தது அந்தப் பின் சீட்டில்தான். அத்தனை வருஷத்தில் அதன் இஞ்சினை நான் ஒரே ஒரு தடவைதான் பிரித்தேன். பிரித்துப் பார்த்தபோது உள்ளே சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. நல்ல வண்டி, நல்ல ஆளின் காலடியில் பழகியது. வேறு என்ன சொல்ல.

அந்தத் திருப்பதிப் பயணம் முடிந்து நான்காம் நாள் காலை முனுசாமி அண்ணன் மொட்டைத் தலையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஒன்பது பேர், மலையில் ஒரு தடவைகூட வண்டி சூடாகவில்லை என்றார். காகிதத்தில் சுற்றிய லட்டை என் கையில் வைத்தார். நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையாட்டி நிறுத்திவிட்டார்.

"கோபமெல்லாம் இல்ல தம்பி. கோட்டுல ஆறு பட்டன். ஒவ்வொண்ணாக் கழட்டிக்கிட்டே, இப்பச் சொல்வாரு, இப்பச் சொல்வாருன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். ஆறும் ஆயிட்டுது. அப்புறம்தான் வாயத் தொறந்தீங்க."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஏழாவது பட்டன் அந்தக் கோட்டுல இல்ல தம்பி."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பீன்யாவில் உங்கள் யூனிஃபார்மைக் கவனித்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் அதில் பட்டனே இல்லை, ஜிப்தான். ஒரே இழுப்பில் கழன்றுவிடும். எனக்குக் கிடைத்த அவகாசம் உங்களுக்குக் கிடைக்காது.